சின்னப்பம்பட்டி மைதானம்: விளையாட்டு வீரர் செய்யும் உதவி ஏழைப் பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சேர வேண்டும்?

தறிச்சத்தம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எனக்குச் சொந்த ஊர் ஜலகண்டாபுரம் பக்கம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். அதனால் அந்த ஊர்க்காரரான கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2020 டிசம்பரில் அவர் இந்தியாவுக்கு ஆடினார். வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக ஆஸ்திரேலியா போனவர், டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து அங்கேயே டி20, ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். இந்திய வீரர்களில் அதற்கு முன் யாருக்கும் அப்படி அமையவில்லை. சரியாக ஒரு வருடம் கழித்து, 2021 டிசம்பரில், சொந்த ஊரில் கிரிக்கெட் மைதானம் அமைக்கிறேன் என்று அறிவித்தார். 2023 ஜூன் 23 அன்று தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அதற்குப் பல வருடம் முன்பே, நடராஜனைக் கைதூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷ் அண்ணனும் நடராஜனும் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு நாள் செய்தி. எங்களுக்கு அப்படி இல்லை. ஏன் என்று என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் டீமுக்கு ஒரு சீசன் பந்து, அதாவது பெரிய ஆட்டங்களில் ஆடும் தோல் பந்து, வாங்க ஆசை. தறி ஓட்டும் பையன்கள்தான் எல்லோரும். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சேலம் போய் ஒரே ஒரு பந்து வாங்கி வந்தோம். சிவப்புத் தோல், நடுவில் வெள்ளைத் தையல். அன்று ராத்திரி அதை யார் வீட்டில் வைப்பது என்று சண்டையே வந்தது. மறுநாள் கரடுமுரடான காட்டில் ஆடினோம். நாலாவது ஓவரில் ஒருவன் தூக்கி அடித்தான், பந்து போய்க் கிணற்றில் விழுந்துவிட்டது. ஒருவன் குதித்து எடுத்து வந்தான். தண்ணீர் குடித்த பந்து கல் மாதிரி கனத்துப்போனது. வெயிலில் காயவைத்தோம், தோல் வெடித்துவிட்டது. எங்கள் சீசன் பந்து வாழ்க்கை அத்தோடு முடிந்தது. மறு வாரம் திரும்பவும் டென்னிஸ் பந்துதான்.

எங்களில் ஒருவன் நன்றாகப் போடுவான். நடராஜன் அளவுக்கு வந்திருப்பான் என்று சொல்லவில்லை, யாருக்குத் தெரியும்? ஆனால் அவன் வந்திருப்பானா இல்லையா என்று பார்ப்பதற்குக்கூட ஓர் இடம் இருக்கவில்லை. இப்போது அந்த இடம் இருக்கிறது, பஸ்ஸில் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பும் தூரத்தில்.

ஒரு வீரர் சம்பாதித்த பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு என்ன செய்தால் அது உண்மையிலேயே போய்ச் சேரும்? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

---

கிழக்குச்சேலம் எழுதியது:

நல்ல இழை அண்ணே. ஒன்று சேர்க்கிறேன். வாழப்பாடியில் 2020 பிப்ரவரியில் பெரிய மைதானம் திறந்தார்கள், ராகுல் டிராவிட் வந்திருந்தார், டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள்கூட நடந்தன. நான் அந்தப் பக்கம்தான். ஆனால் சேலத்துக்குக் கிழக்கே இருக்கும் வாழப்பாடிக்கு, மேற்கே தாரமங்கலம், எடப்பாடிப் பக்கத்துப் பையன் தினமும் வர முடியுமா? சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாறி வருவதற்குள் அவனுக்குப் பாதி நாள் போய்விடும். அந்தந்தப் பக்கத்துக்கு ஒன்று வேண்டும். நடராஜன் செய்ததில் எனக்குப் பிடித்ததே அதுதான். சென்னையில் ஓர் அகாடமி ஆரம்பித்திருந்தால் வசதியாகவும் இருந்திருக்கும், வருமானமும் வந்திருக்கும்.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

எல்லோரும் பாராட்டும்போது நான் குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் அரசுப் பள்ளியில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். நடராஜன் மேல் எனக்கு மரியாதைதான். அப்பா நெசவு வேலை, அம்மா ரோட்டோரம் சில்லி சிக்கன் கடை, ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அந்த வீட்டிலிருந்து அவர் வந்தது பெரிய விஷயம்.

என் கவலை வேறு. என் வகுப்பில் ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன். பிளஸ் ஒன்னில் டோர்னமென்ட் டோர்னமென்ட் என்று அலைந்து பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்கே போய்ப் பேசினேன். அவன் அம்மா சொன்னார்: “ஐபிஎல்ல எடுத்துட்டா எங்க கஷ்டமெல்லாம் தீந்துரும்னு சொல்றான் டீச்சர்.” அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? இப்போது அவன் ஒரு குடோனில் மூட்டை ஏற்றுகிறான். இடது கையில் பந்து போடுவான். அதைப் பார்த்து ஊரே அவனை “நட்டு” என்று நடராஜனின் செல்லப் பெயரால்தான் கூப்பிட்டது.

ஒரு நடராஜன் வருவதற்கு எத்தனை பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள்? உதவி செய்ய நினைக்கும் வீரர்கள் மைதானத்துக்குப் போடும் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்கோ, சாப்பாட்டுக்கோ போட்டால் ஆயிரம் பேருக்குப் பயன்படாதா?

---

பழைய அம்பயர் எழுதியது:

டீச்சரம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மைதானமும் பயிற்சியாளரும் இல்லாததால்தான் அந்தப் பையன் கெட்டான் என்று நான் நினைக்கிறேன். விளக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மாவட்ட லீக்கில் பல வருடம் நடுவராக நின்றவன் நான். டென்னிஸ் பந்து டோர்னமென்ட் என்பது தனி உலகம். ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டம், சின்ன எல்லைக்கோடு, பரிசுப் பணம், கோப்பை, மைக் செட். கடைசி ஓவரில் காலடியில் குத்தாவிட்டால் பந்து தோப்புக்குள்தான் போகும். நம் பையன்களுக்கு யார்க்கர் கைவந்தது அப்படித்தான். ஆனால் அங்கே எத்தனை கோப்பை வாங்கினாலும் கையில் ஒரு சான்றிதழ் வராது. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்கவோ, வேலைக்கு விண்ணப்பிக்கவோ அந்தக் கோப்பை உதவாது. பதிவு பெற்ற சங்கத்தின் ஆட்டம், பள்ளி அளவு, மாவட்ட அளவு என்று ஆடியிருக்க வேண்டும். அதற்குச் சீசன் பந்தில் ஆடத் தெரிய வேண்டும்.

அந்தப் பந்தின் எடை 156 கிராமிலிருந்து 163 கிராம் வரை. டென்னிஸ் பந்து அறுபதைக்கூடத் தொடாது. டென்னிஸ் பந்தை வேகமாக வீச, தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சுண்டி எறிவது பழகிவிடும். அதே கையால் கனமான பந்தைப் போட்டால் இரண்டு ஆபத்து. தோள் போகும், இல்லாவிட்டால் முழங்கை மடங்குவதைப் பார்த்து நடுவர் புகார் எழுதிக் கொடுத்துவிடுவார்.

நடராஜனுக்கு அதுதான் நடந்தது. இருபது வயதை நெருங்கும்வரை டென்னிஸ் பந்து. ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அழைத்துப் போய் நாலாவது டிவிஷனில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து படிப்படியாக முதல் டிவிஷன். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம், பெங்கால் அணிக்கு எதிராக. அந்த ஆட்டத்திலேயே பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்துவிட்டது. பந்து போடும்போது மடங்கிய முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. ஏறத்தாழ ஒரு வருடம் ஆட்டம் எதுவும் இல்லை. கையை முதலிலிருந்து திருத்த வேண்டியிருந்தது.

டீச்சரம்மா, அந்த ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள். 23 வயது. வீட்டில் நாலு பேர் இவருக்குப் பின்னால் இருக்கிறார்கள். வருமானம் இல்லை. ஊருக்குத் திரும்பினால் தறி இருக்கிறது. என் கண்முன்னால் நல்ல நல்ல பையன்கள் காணாமல் போனது இந்த இடத்தில்தான். பக்கத்தில் நின்று பயிற்சியாளரிடம் கூட்டிப்போக, செலவைப் பார்த்துக்கொள்ள, வீட்டாரிடம் பேச ஆள் இருந்ததால் அவர் தப்பித்தார். மறு வருடம் 2016 டிஎன்பிஎல். 2017 ஐபிஎல் ஏலத்தில் பத்து லட்சம் அடிப்படை விலையிலிருந்து மூன்று கோடி.

ஜெயப்பிரகாஷ் பணக்காரர் இல்லை. அவர் கொடுத்தது நேரமும் நம்பிக்கையும். அதனால்தான் நடராஜன் தன் பெயருக்கு முன்னால் ஜே.பி. என்ற எழுத்தைப் போட்டுக்கொண்டு ஆடினார், கையில் பச்சையும் குத்திக்கொண்டார்.

பன்னிரண்டு வயதில் சரியான பந்து, சரியான தரை, கையைப் பார்த்துத் திருத்த ஓர் ஆள், இந்த மூன்றும் ஊரிலேயே கிடைத்தால் 23 வயதில் அந்தக் கண்டம் வராது. பையனுக்குத் திறமை போதாது என்றால் அதுவும் பதினைந்து வயதிலேயே தெரிந்துவிடும், பிளஸ் ஒன்னை விட்டுவிட்டு அலைய மாட்டான்.

---

தறிச்சத்தம் எழுதியது:

அம்பயர் ஐயா, இதை நான் இப்படி யோசித்ததே இல்லை. ரொம்ப நன்றி.

பந்து வீச்சாளர் பெரியசாமியை யாருமே சொல்லவில்லையே. அவரும் சின்னப்பம்பட்டிதான், நடராஜன், ஜெயப்பிரகாஷ் பயிற்சியில் வளர்ந்தவர். 2019 டிஎன்பிஎல்லில் சேப்பாக் அணிக்கு ஆடி 21 விக்கெட். திண்டுக்கல்லுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 15 ரன்னுக்கு 5. தொடர் நாயகன் அவர்தான். இலங்கை வீரர் மலிங்கா மாதிரி கையைச் சாய்த்துப் போடுவார். நடராஜன் இந்தியாவுக்கு ஆடுவதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது இது. பணமும் புகழும் வந்த பிறகு தொடங்கிய வேலை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

---

மான்செஸ்டர் மழை எழுதியது:

கணக்கு டீச்சர் கேட்ட “சாப்பாட்டுக்குப் போட்டால்” என்ற கேள்விக்கு நான் இருக்கும் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. மார்கஸ் ராஷ்ஃபோர்ட். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடிய கால்பந்து வீரர், இங்கே விதென்ஷா பகுதியில் வளர்ந்தவர். ஐந்து பிள்ளைகளை அம்மா தனியாக வளர்த்தார். பல வேலை பார்த்தும் சில நாள் சாப்பாடு போதாது என்று அவரே எழுதியிருக்கிறார். பள்ளியில் கிடைத்த இலவசச் சாப்பாடுதான் கைகொடுத்தது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியதும் முதலில் ஒரு தொண்டு அமைப்புடன் சேர்ந்து உணவுக்கு நிதி திரட்டினார். கோடை விடுமுறையில் உணவுக்கான உதவியை நீட்டிக்க முடியாது என்று அரசு சொன்னது. ஜூன் 15 அன்று எம்.பி.க்கள் எல்லோருக்கும் ஒரு திறந்த கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு 22 வயது. மறுநாளே அரசு இறங்கி வந்தது. சுமார் 13 லட்சம் பிள்ளைகள், 12 கோடி பவுண்டு.

அதோடு முடியவில்லை. அக்டோபரில் இலையுதிர் காலப் பள்ளி விடுமுறை வந்தது, திரும்பவும் மறுத்தார்கள். விடுமுறையிலும் உணவு கொடுக்க வேண்டும் என்ற தீர்மானம் 21ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 322க்கு 261 என்று தோற்றுப்போனது. நான் மறக்காத வாரம் அது. அரசு கொடுக்காவிட்டால் நாங்கள் கொடுக்கிறோம் என்று சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் கிளம்பின. எங்கள் தெருமுனையில் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடையில் ஓர் அட்டை தொங்கியது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எதுவும் கேட்க மாட்டோம், பொட்டலம் தருவோம் என்று கையால் எழுதியிருந்தார்கள். ராஷ்ஃபோர்ட் அன்று முழுக்கத் தன் ட்விட்டர் பக்கத்தில் இப்படிப்பட்ட கடைகளின் பெயர்களைப் பகிர்ந்துகொண்டே இருந்தார். நவம்பரில் அரசு மறுபடியும் இறங்கி வந்து 17 கோடி பவுண்டு ஒதுக்கியது.

இங்கே வந்த புதிதில் எனக்கு ஆச்சரியம், இவ்வளவு பணக்கார நாட்டில் பள்ளி விடுமுறை என்றால் சில பிள்ளைகளுக்குப் பசியா என்று. என் அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் இதைச் சொன்னபோது, “லீவு முடிஞ்சு வர்ற முதல் நாளு பிள்ளைங்க சாப்பிடுற வேகத்தைப் பாத்தாலே தெரியும்டா” என்றார். அவருக்கு எந்தப் புள்ளிவிவரமும் தேவைப்படவில்லை.

ஆக இரண்டு வழியும் இருக்கிறது டீச்சர். ஒருவர் தன் பெயரை வைத்து அரசையே அசைத்தார். இன்னொருவர் தன் பணத்தில் ஊரில் மண் சமன் செய்தார்.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

அம்பயர் ஐயா, பதினைந்து வயதிலேயே தெரிந்துவிடும் என்று நீங்கள் சொன்னதை நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். என் மாணவனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் கைதட்டினார்கள், டோர்னமென்ட்டுக்குக் கூட்டிப்போக ஆள் இருந்தது. உன் அளவு இவ்வளவுதான், படித்துக்கொண்டே ஆடு என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் சொன்னேன். எனக்குக் கிரிக்கெட் தெரியாது என்று அவன் கேட்கவில்லை.

மைதானம் வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கோரிக்கையை விட மாட்டேன். இந்த மாதிரிப் பயிற்சி நடத்துபவர்கள் பள்ளி வருகைப் பதிவைக் கேட்க வேண்டும். வராத பையனுக்கு அன்று பந்து கிடையாது. நான் சொன்னால் கேட்காதவன், கோச் சொன்னால் கேட்பான்.

---

ஓட்டக்காரி எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வது போலவே படிப்பையும் பயிற்சியையும் சேர்த்து நடத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. கேரளாவில் கோழிக்கோடு மாவட்டத்தில் கினாலூர், பி.டி. உஷா நடத்தும் தடகளப் பள்ளி. 2002இல் தொடங்கியது. நான் கோயம்புத்தூரில் 800 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்களுக்கெல்லாம் அங்கே சேர வேண்டும் என்று கனவு.

பத்துப் பன்னிரண்டு வயதில் பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷாவுக்கு நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் போனது எல்லோருக்கும் தெரியும். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினேன் என்று பிற்பாடு சொன்னார். அப்படி ஓடியவர் பள்ளி நடத்தினால் சமையலறையைச் சும்மா விடுவாரா? டின்டு லூக்கா அங்கே வளர்ந்தவர்தான். 2010இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 நொடியில் ஓடி, ஷைனி வில்சனின் தேசிய சாதனையை முறியடித்தார்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் “பையன்”, “பையன்கள்” என்றுதான் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள்? பெண் பிள்ளைக்கு மைதானம் மட்டும் இருந்தால் போதாது. உடை மாற்ற ஓர் அறை, கழிவறை, இருட்டுவதற்கு முன் பஸ், இவை வேண்டும். நான் ஓட்டத்தை விட்டது கால் வலியால் இல்லை. நான் ஓடிய மைதானத்தில் கழிவறை பூட்டியே கிடக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஓடி ஓடி, சிறுநீர்த் தொற்று வந்து, அம்மா போதும் என்று சொல்லிவிட்டார்.

---

தறிச்சத்தம் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் கேட்டது சரி. நான் எழுதும்போது என் மனசில் வந்தது பையன்கள் மட்டும்தான். என் வீட்டிலேயே பெண் இருக்கிறாள், எட்டாவது படிக்கிறாள், தெருவில் பந்து போட்டால் என்னைவிட நன்றாகப் போடுவாள். அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. நேற்று உங்கள் பதிவை அவளுக்கே படித்துக் காட்டினேன். “சாவி நானே வச்சுக்கறேன்ப்பா” என்றாள்.

---

பழைய அம்பயர் எழுதியது:

இன்னும் ஒன்று பேச வேண்டும். திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும். அதற்குப் பிறகு புல்லுக்குத் தண்ணீர் யார் விடுவது? ஆடுகளத்துக்கு ரோலர் போட வேண்டும், கோடையில் போர்வெல் வற்றினால் வண்டித் தண்ணீர் வாங்க வேண்டும், வலை கிழியும், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கட்டும் செலவு ஒருமுறை, இது மாதாமாதம். எனக்குத் தெரிந்து எத்தனையோ நல்ல மைதானம் இரண்டு மழையில் முள்ளுக்காடாகிப் போனது.

நடராஜனுக்கு 2021இல் முழங்கால் அறுவை சிகிச்சை, அதன்பிறகு இந்திய அணியில் தொடர்ந்து இடம் இல்லை. இருந்தும் மைதான வேலை நிற்கவில்லை, 2023இல் திறந்தார்கள். 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட், 2025க்கான ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்தது. ஆடும்வரை பணம் வரும். வேகப்பந்து வீச்சாளரின் காலம் குறைவு. அந்த மைதானத்தை ஊர் சொந்தமாக நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கும் நாமும்தான்.

---

கிழக்குச்சேலம் எழுதியது:

ஐயா, பணமாக என்னால் பெரிதாக முடியாது. என் மச்சான் ஈரோட்டில் ஸ்போர்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். லேசாகத் தையல் விட்ட கால் பேட், பழைய மாடல் ஷூ எல்லாம் கிடங்கில் கிடக்கும். கேட்டால் கொடுப்பான். எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த அளவு என்று தெரிந்தால் போதும்.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

எங்கள் பள்ளியில் நாளைக்கே அளவு எடுக்கிறேன். பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள், நிறைய பேருக்குத் தன் கால் அளவே தெரியாது. தாளில் நிற்கவைத்து பென்சிலால் வரைந்து அனுப்பினால் உங்கள் மச்சானுக்குப் புரியுமா?

---

கிழக்குச்சேலம் எழுதியது:

தாராளமாக, டீச்சர். பெயரும் வகுப்பும் ஓரத்தில் எழுதிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கட்டு போடுங்கள். அவர்கள் அளவு ஷூதான் கடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்கிறான், முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்கிறேன்.